தேய்த்த கதவும் தேய்க்காத கதவும்: ஒரு வீட்டின் மரப்பரப்புகளைப் புதுப்பித்த நிகழ்வு ஆய்வு

பின்னணி

கணவன், மனைவி, நான்கு வயதுப் பெண் குழந்தை, கணவரின் அம்மா என நால்வர் வாழும் வீடு. அந்த அம்மாவும் அவர் கணவரும் சேர்ந்து கட்டியது. நாற்பது ஆண்டுகள் தாண்டிவிட்டன. உள்ளே மரவேலை நிறைய. மூன்று பலகைக் கதவுகள், வினீர் என்ற மெல்லிய மரத்தாள் ஒட்டிய இரண்டு சமதளக் கதவுகள், மாடிப்படியின் கைப்பிடி, கூடத்துச் சுவரோடு பொருத்திய நீண்ட அலமாரி, ஆறு மர ஜன்னல்கள். ஜன்னல்களுக்கு மட்டும் பெயின்ட். மற்றவை எல்லாம் மரத்தின் ரேகை தெரியும்படி பூசப்பட்டவை.

கதவுகள் கறுத்து மங்கிவிட்டன, கைப்பிடி பிசுபிசுக்கிறது, அலமாரியில் பளபளப்பு திட்டுத்திட்டாகப் போய்விட்டது. தம்பதியர் தாங்களே புதுப்பிக்க முடிவு செய்தார்கள். சுழன்று தேய்க்கும் சாண்டர் இயந்திரம் ஒன்றும் உப்புத்தாள்களும் வாங்கினார்கள். பழைய பூச்சு சீக்கிரம் போகட்டும் என்று 60ஆம் எண் தாளில் ஆரம்பித்தார்கள். எண் குறையக் குறையத் தாளின் சொரசொரப்பு அதிகம்.

நான் மரப்பூச்சு வேலை செய்பவன். மூன்றாம் நாள் மாலை எனக்கு அழைப்பு வந்தது. அந்தக் குடும்பத்தின் சம்மதத்தோடு இதை எழுதுகிறேன். இதில் அவர்களுடைய தவறும் இருக்கிறது, என்னுடையதும் இருக்கிறது.

நான் போவதற்கு முன் நடந்தது

முதல் நாள் ஒரு பலகைக் கதவை 60இல் தேய்த்து, நேரே 180க்குப் போயிருக்கிறார்கள். கைக்கு வழுவழுப்பாக இருந்ததால் அன்றே நிறச்சாயமும் ஏற்றிவிட்டார்கள். காய்ந்ததும் கதவு முழுக்கச் சின்னச் சின்னச் சுருள் கீறல்கள் கறுப்பாக எழுந்து நின்றன.

இரண்டாம் நாள் படுக்கையறையின் வினீர் கதவு. பூட்டுக்குப் பக்கத்தில் அழுக்கு அதிகம் என்று அந்த இடத்தில் இயந்திரத்தை அழுத்திப் பிடித்திருக்கிறார் கணவர். மரநிறம் மறைந்து, உள்ளங்கை அளவுக்கு வெளிறிய ஒரு திட்டு தெரிந்தது. கறை போகவில்லை என்று நினைத்து மேலும் தேய்த்தார். திட்டு பெரிதானது.

மூன்றாம் நாள் மனைவி கூடத்து ஜன்னலின் அடிக்கட்டையைக் கையாலேயே உலர்வாகத் தேய்த்தார். கீழே விழுந்த தூளைத் துடைப்பத்தால் பெருக்கினார். குழந்தை அதே கூடத்தில்தான் விளையாடிக்கொண்டிருந்தது.

நான் போன அன்று பார்த்தவை

வினீர் கதவைக் காட்டத்தான் என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். வாசலுக்குள் நுழைந்ததும் என் கண் ஜன்னலில் நின்றது. தேய்த்த விளிம்பில் வெள்ளை, அதன் கீழ் பச்சை, அதற்கும் கீழ் பழுப்பு, கடைசியாக மரம் என்று அடுக்கடுக்காகத் தெரிந்தது. வீட்டின் வயதையும் பெயின்ட் அடுக்குகளையும் சேர்த்துப் பார்த்தபோது கதவு எனக்கு இரண்டாம்பட்சம் ஆகிவிட்டது. அன்று மரத்தில் யாரும் கை வைக்க வேண்டாம் என்று சொன்னேன்.

பழைய பெயின்ட்களில் ஈயம் சேர்ப்பது ஒரு காலத்தில் பல நாடுகளில் சாதாரணம். நிறத்துக்காகவும், சீக்கிரம் உலர்வதற்காகவும், நீடித்து உழைப்பதற்காகவும் சேர்த்தார்கள். அமெரிக்காவே வீட்டுப் பெயின்ட்டில் அதைத் தடுத்தது 1978இல்தான். சுவரிலோ சட்டத்திலோ உரியாமல் ஒட்டிக்கொண்டிருக்கும்வரை அதனால் பெரிய ஆபத்தில்லை. உலர்வாகத் தேய்க்கும் நேரத்தில்தான் அது மிக நுண்ணிய தூளாகித் தரையிலும் பொம்மையிலும் படிகிறது. தவழ்கிற, விரலை வாயில் வைக்கிற வயதுக் குழந்தைகளுக்கு அதுதான் உள்ளே போகும் வழி. அவர்களின் மூளை வளர்ச்சியைத் தொடும் பொருள் ஈயம். இவ்வளவு வரை பரவாயில்லை என்று சொல்லும்படியான அளவே கிடையாது.

மனைவியின் முகம் மாறிவிட்டது. “நான்தான் பெருக்கினேன்” என்று அதையே திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். அவரைப் பயமுறுத்த எனக்கு விருப்பமில்லை. ஆனால் மழுப்பவும் முடியாது.

ஜன்னல்கள்: நிறுத்தியதும் அதன் பிறகும்

உடனடியாகச் செய்தவை மூன்று. குழந்தையைப் பாட்டியோடு உறவினர் வீட்டுக்கு அனுப்பினோம். கூடத்தின் தரை, ஜன்னல், பொம்மைகள் அனைத்தையும் சோப்பு நீரில் நனைத்த துணியால் துடைத்து, துணிகளைப் பையில் கட்டி அப்புறப்படுத்தினோம். மறுநாள் நுண்தூளைப் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி உள்ள இயந்திரத்தால் உறிஞ்சினோம். சாதாரண வாக்குவம் கிளீனர் இந்தத் தூளைப் பின்பக்கமாக அறைக்குள்ளேயே ஊதிவிடும். துடைப்பம் அதைவிட மோசம்.

பெயின்ட்டின் எல்லா அடுக்கும் வரும்படி ஒரு சில்லை எடுத்து ஆய்வகத்துக்குக் கொடுத்தோம். பெயின்ட்டில் ஈயத்துக்கு இன்று பரிந்துரைக்கப்படும் உச்சவரம்பு 90 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் 90 பங்கு. இங்கே கிடைத்த அளவு அதைப் பலமடங்கு தாண்டியிருந்தது.

குழந்தையின் ரத்தத்தைப் பரிசோதிக்கும்படி மருத்துவரிடம் அனுப்பினேன். டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராம் அல்லது அதற்கு மேல் ஈயம் இருந்தால், அது எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து நிறுத்த வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். குழந்தைக்கு அந்த அளவுக்குக் கீழேதான் வந்தது. இருந்தாலும் சில மாதங்கள் கழித்து இன்னொரு முறை பார்க்கச் சொன்னார் மருத்துவர்; அப்போதும் ஏறவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், படிப்பவர்கள் கடைசிவரை பதற்றத்தோடு காத்திருக்க வேண்டாம்.

ஜன்னல்களை என்ன செய்வது? மொத்தப் பெயின்ட்டையும் எடுத்து மரத்தைக் காட்ட வேண்டும் என்பது கணவரின் ஆசை. நான் மறுத்தேன். எடுப்பதற்கு எந்த வழியில் போனாலும், நன்றாக ஒட்டிக்கொண்டிருக்கும் ஈயத்தை நாமே கிளப்பிவிடுகிறோம். வெப்பக்காற்றுக் கருவி வைத்து உரிப்பதிலும் அளவு மீறிச் சூடானால் ஈயப் புகை வரும். பெயின்ட் கெட்டியாக இருந்த சட்டங்களைக் கழுவி, ஈரமாகவே லேசாகச் சொரசொரப்பாக்கி, நல்ல பிரைமரும் புதுப் பெயின்ட்டும் போட்டு மூடிவிட முடிவானது. திறந்து மூடும்போது ஒன்றோடொன்று உராயும் விளிம்புகளுக்கு மட்டும் இந்த மூடாக்கு போதாது. ஒவ்வொரு உராய்விலும் தூள் உதிரும். அந்த விளிம்புகளைத் தண்ணீர் தெளித்துத் தெளித்துச் சுரண்டி எடுக்க வேண்டும்.

இந்த வேலையை நான் செய்யவில்லை. ஈயப் பெயின்ட்டைக் கையாளப் பயிற்சி பெற்றவர்களிடம் கொடுக்கச் சொன்னேன். அறையைப் பிளாஸ்டிக் விரிப்பால் அடைத்து வேலை செய்தார்கள். முடிந்து துப்புரவாகும்வரை குடும்பம் வெளியிலேயே இருந்தது.

எதன் மேல் என்ன பூச்சு: சோதனை

பத்து நாள் கழித்து மற்ற மரங்களுக்கு வந்தோம். அலமாரியின் உள்மூலை, கதவில் கீல் இருக்கும் விளிம்பு, கைப்பிடியின் அடிப்பக்கம் போன்ற மறைவான இடங்களில் சோதித்தேன். முதலில் டர்பன்டைனால் துடைத்து மெழுகையும் எண்ணெய்ப்பிசுக்கையும் எடுத்தேன். பிறகு ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சை ஒரு நிமிடம் வைத்துப் பார்த்தேன். ஐந்து கதவுகளிலும் பூச்சு இளகிப் பஞ்சில் ஒட்டியது. ஸ்பிரிட்டில் கரைவது அரக்கு, ஆகவே இது அரக்குப் பாலிஷ். அலமாரி ஸ்பிரிட்டுக்கு அசையவில்லை, தின்னர் பட்டதும் இளகியது, அது லாக்கர் என்ற தின்னரில் கரையும் பளபளப்புப் பூச்சு. கைப்பிடி இரண்டுக்கும் அசையவில்லை. எண்ணெய் வார்னிஷ் வகை என்று எடுத்துக்கொண்டேன்.

கால் மணி நேரத்தில் முடியும் இந்தச் சோதனைதான் இந்த வீட்டில் பல நாள் உழைப்பை மிச்சப்படுத்தியது. அரக்கும் லாக்கரும் தங்கள் கரைப்பானில் திரும்பக் கரையக்கூடியவை. மேலே போடும் புதுப் பூச்சு பழையதன் மேற்பரப்பைச் சற்றே கரைத்து அதோடு ஒன்றாகிவிடும். பழைய பூச்சு உரியாமல் வெறுமனே மங்கியிருந்தால் மரம்வரை தேய்க்கத் தேவையே இல்லை. வார்னிஷும் பாலியூரித்தேன் என்ற செயற்கைப் பிசின் பூச்சும் அப்படியல்ல. ஒருமுறை இறுகிவிட்டால் புதியது பழையதோடு கலக்காது. சொரசொரப்பைப் பிடித்துக்கொண்டுதான் நிற்க வேண்டும். அங்கே தேய்ப்பதற்குக் காரணம் இருக்கிறது.

தேய்க்காத கதவு

இரண்டு வினீர் கதவுகளில் ஒன்றை அவர்கள் இன்னும் தொடவில்லை. அதில் தொடங்கினேன். மென்மையான சோப்பு நீரில் நனைத்து நன்றாகப் பிழிந்த துணியால் பகுதி பகுதியாகத் துடைத்து, உடனுக்குடன் உலர்துணியால் ஒற்றினேன். அரக்குக்கு ஈரமும் காரமும் ஆகாது, அதனால் நிதானிக்க முடியாது. துணி கறுப்பாக வந்தது. பிறகு டர்பன்டைன் துணி. அது பழுப்பாக வந்தது. மரத்தின் நிறமே கரைகிறதோ என்று மனைவி பயந்தார். வந்தது நிறமல்ல, நாற்பது ஆண்டுக் கைப்பிசுக்கும் மெழுகும்.

ஓர் இரவு உலரவிட்டு, 320ஆம் எண் தாளால் கையை அழுத்தாமல் ரேகையோடு இரண்டு மூன்று வீச்சு. அவ்வளவுதான் தேய்ப்பு. அதன்மேல் நீர்த்த அரக்கு இரண்டு முறை. மறுநாள் காலை அந்தக் கதவைப் பார்த்துவிட்டு, “அப்போ நாங்க ரெண்டு நாள் தேய்ச்சது?” என்று கேட்டார் கணவர். பதில் சொல்ல எனக்குக் கஷ்டமாக இருந்தது. அந்தக் கதவுகளுக்கும் இதே வேலை போதுமானதாக இருந்திருக்கும் என்ற உண்மையைச் சொன்னேன்.

தேய்த்த கதவுகள்

வினீர் என்பது மரத்தைத் தாள்போலச் சீவி ஒட்டுவது. பெரும்பாலும் அரை மில்லிமீட்டர் கனம்தான் இருக்கும். இயந்திரத்தில் 60ஆம் எண் தாள் மாட்டி ஓரிடத்தில் நிறுத்தினால், அதிலும் விளிம்பருகே சாய்த்துப் பிடித்தால், அது போக அதிக நேரம் ஆகாது. வெளிறிய திட்டு தெரிந்தால் அது கறையல்ல; அடியில் உள்ள வேறொரு மரத்தாள். அந்தக் கணமே நிறுத்திவிட வேண்டும், ஏனென்றால் அங்கே தேய்த்துத் திரும்பப் பெற எதுவும் இல்லை.

மூன்று வழிகளைப் பேசினோம். கதவு முழுவதற்கும் புது வினீர் ஒட்டலாம், இரண்டு கதவுக்கும் நிறப் பெயின்ட் அடிக்கலாம், அல்லது திட்டை மட்டும் வரைந்து மறைக்கலாம். முதலாவது செலவும் வேலையும் மிகுந்தது. பெயின்ட் வேண்டாம் என்று கணவரின் அம்மா சொன்னார். மூன்றாவதைத் தேர்ந்தோம். அரக்கில் நிறப்பொடி கலந்து முதலில் அடிநிறத்தை ஏற்றினேன். அது காய்ந்தபின் மெல்லிய தூரிகையால் பக்கத்து ரேகைகளை உள்ளே நீட்டி வரைந்தேன். ஒவ்வொரு படிக்கும் இடையில் ஒரு நீர்த்த அரக்குப் பூச்சு, கைதவறினால் அந்தப் படியை மட்டும் துடைக்க வசதியாக. ஒரு முழு நாள் பிடித்தது. நேராக நின்று பார்த்தால் தெரியாது. மாலை வெயில் பக்கவாட்டில் விழும்போது தெரியும், இதை ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டுத்தான் செய்தேன்.

சுருள் கீறல் விழுந்த பலகைக் கதவுக்கு அந்தச் சிக்கல் இல்லை. அது கெட்டி மரம், இன்னும் கொஞ்சம் எடுக்கலாம். கீறலுக்குக் காரணம் 60இலிருந்து 180க்குத் தாவியதுதான். ஒவ்வொரு எண்ணும் தனக்கு முந்திய எண்ணின் கீறலை மட்டுமே அழிக்கும். 60 போட்ட பள்ளத்தின் மேட்டை 180 வழுவழுப்பாக்குமே தவிர, பள்ளத்தின் அடியை எட்டாது. தடவிப் பார்த்தால் கைக்குத் தெரியாது. சாயம் ஊறியதும் கண்ணுக்குத் தெரியும்.

80இல் திரும்பத் தொடங்கி 120, பிறகு 180. இயந்திரத்தின் எடையே போதும், கை அழுத்தக் கூடாது. தாள் அடைத்துக்கொண்டால் உடனே மாற்ற வேண்டும். சிக்கிய துகள்கூடச் சுருள் போடும். ஒவ்வொரு எண்ணுக்கும் முன்னால் பரப்பின் மேல் பென்சிலால் மெல்லிய குறுக்குக்கோடுகள் இழுத்தேன். கோடுகள் எல்லா இடத்திலும் மறைந்தால்தான் அடுத்த எண். கடைசியில் கட்டையில் சுற்றிய 180ஆல் கைத்தேய்ப்பு, ரேகையின் போக்கிலேயே. விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைப் பலகையோடு ஒட்டிச் சாய்த்துப் பிடித்தால் மீதிக் கீறல் நிழலாக எழும். கணவர் இந்த வேலையை என்னைவிடப் பொறுமையாகச் செய்தார். மூன்று இடங்களை அவர்தான் கண்டுபிடித்தார்.

இயந்திரத்தோடு தூள் உறிஞ்சியும் முகத்தில் என்95 முகக்கவசமும் இல்லாமல் யாரையும் தேய்க்க விடவில்லை. பெயின்ட் கலக்காத வெறும் மரத்தூளையே, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்திருக்கிறது சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை. இத்தனை ஆண்டில் கூட வேலை செய்த பலர் முகத்தில் ஒன்றும் கட்டாமல் தேய்ப்பதைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பழக்கம் என்னை வருத்துகிறது.

மீதி இரண்டு பலகைக் கதவுகளையும் தேய்க்காத கதவைப் போலவே கழுவிப் பூசினோம்.

கைப்பிடி

இங்கே தேய்ப்பு தேவைப்பட்டது. வியர்வையும் கையெண்ணெயும் ஊறி வார்னிஷ் இளகியிருந்தது. நகத்தால் கீறினால் சுருண்டு வந்தது. இளகிய பூச்சின் மேல் எது போட்டாலும் நிற்காது. சுரண்டியால் எடுத்து, 100, 150, 220 என்று கையாலேயே தேய்த்தோம். வளைவுகளில் தாளைத் துணிப்பட்டை போல் பிடித்து இழுத்தோம். பிறகு துடைத்துப் பூசும் எண்ணெய் வார்னிஷ், நாளுக்கு ஒன்றாக நான்கு முறை. எண்ணெய் வார்னிஷ் துடைத்த துணிகளைச் சுருட்டி மூலையில் போட்டால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடும். தினமும் அவற்றைத் தண்ணீரில் முக்கி, பிறகு வெளியே விரித்துக் காயவைத்தோம்.

அலமாரி: என் தவறு

லாக்கர் என்று சோதனை சொன்னது. உரியவில்லை. கழுவி, டர்பன்டைனால் துடைத்து, 320ஆல் லேசாகத் தேய்த்து, லாக்கரைத் தெளித்தேன். தெளித்த சில விநாடிகளில் பூச்சு அங்கங்கே விலகி வட்டவட்டமான குழிகளாக ஒதுங்கியது, எண்ணெய்த் தட்டில் தண்ணீர் ஊற்றியதுபோல. பார்த்ததும் புரிந்தது: சிலிக்கோன்.

அடியில் சிலிக்கோன் எண்ணெய் இருந்தால் பூச்சு பரவாது. வீட்டுச் சாமான்களுக்குப் பளபளப்பு தரும் தெளிப்பான்கள் பலவற்றில் அது உண்டு. ஆனால் வேலை தொடங்குமுன் நான் கணவரிடமும் மனைவியிடமும் கேட்டிருந்தேன். எதுவும் போடுவதில்லை என்றார்கள். அவர்கள் சொன்னது உண்மைதான். உறவினர் வீட்டிலிருந்து குழந்தையோடு திரும்பியிருந்த அம்மாவிடம் அன்று மாலை கேட்டேன்.

“வாரா வாரம் நான்தானே தம்பி தொடைப்பேன். ஸ்ப்ரே அடிச்சு, பழைய துணியால. அவர் இருந்த காலத்துலேருந்து பழக்கம்.”

அந்த அலமாரியை இத்தனை ஆண்டும் பராமரித்தவர் அவர். நான் அவரிடம் கேட்கவே இல்லை. இன்னும் கேட்டபோது, கதவுகளுக்கு அரக்குப் பூசிய தச்சரைப் பற்றியும், தான் அந்தத் தச்சர் பக்கத்தில் உட்கார்ந்து அதைப் பார்த்ததைப் பற்றியும் சொன்னார். எந்த இரண்டு கதவுகள் ‘மேலே ஒட்டின கதவு’ என்றுகூட அவருக்குத் தெரிந்திருந்தது. முதல் நாளே யாராவது அவரிடம் உட்கார்ந்து பேசியிருந்தால் அந்தக் கதவு பிழைத்திருக்கும்.

ஈரமாக இருந்த லாக்கரைத் தின்னரால் உடனே துடைத்தெடுத்தேன். துணியை அடிக்கடி மாற்றி டர்பன்டைனால் நான்கு முறை துடைத்தேன். ஒரே துணியில் துடைத்தால் சிலிக்கோனை இடம் மாற்றுகிறோமே தவிர எடுப்பதில்லை. மிச்சத்தை அடைக்க, மெழுகு நீக்கிய அரக்கை ஒரு தடுப்புப் படலமாகத் தெளித்தேன். அதன்மேல் லாக்கர் சரியாகப் படிந்தது. இரண்டு நாள் வேலை கூடியது. அந்த இரண்டு நாளுக்குக் கூலி வாங்கவில்லை.

ஓராண்டு கழித்து

போய்ப் பார்த்தேன். கழுவிப் பூசிய மூன்று கதவுகளும் நன்றாக இருக்கின்றன. ஒன்றில் ஈரத்துணி தொங்கவிட்ட இடத்தில் வெள்ளைப் படலம். ஸ்பிரிட் லேசாகத் தொட்ட துணியால் ஒற்றியதில் மறைந்தது. கைப்பிடியில் பிசுபிசுப்பு இல்லை. வளைவில் ஒரே இடத்தில் பளபளப்பு குறைந்திருக்கிறது, அங்கே இன்னொரு பூச்சு போட்டால் போதும். அலமாரியில் குழிகள் இல்லை. வினீர் கதவின் திட்டு நான் சொன்னபடியே மாலையில் தெரிகிறது. ஜன்னல்களில் இரண்டு, உராயும் விளிம்பில் பெயின்ட் விடத் தொடங்கியிருந்தன. அவற்றின் சட்டங்களை முழுதாக மாற்றிவிடும்படி இப்போது சொல்லியிருக்கிறேன். முதலிலேயே அப்படிச் செய்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

மாற்றிக்கொண்டவை

பெயின்ட் அடித்த பழைய மரம் எதையும் சோதனை முடிவு வருமுன் தொடுவதில்லை. இதை முன்பும் அறிந்திருந்தேன். இப்போது வேலைக்கு அழைப்பவரிடம் தொலைபேசியிலேயே சொல்லிவிடுகிறேன், நான் போகுமுன் அவர்கள் தேய்த்துவிடக் கூடாது என்பதற்காக.

வினீரா கெட்டிமரமா என்று கதவின் மேல்விளிம்பைப் பார்த்து உறுதி செய்த பிறகே தாளின் எண்ணைப் பற்றிப் பேசுகிறேன். லாக்கர் தெளிப்பதற்கு முன் மறைவான இடத்தில் ஒரு சாண் அகலத்துக்குச் சோதித்துப் பார்க்கிறேன். அலமாரியில் அதைச் செய்திருந்தால் குழிகள் அந்த ஒரு சாணோடு நின்றிருக்கும். மரத்தைத் துடைப்பவர் யார், எதைக் கொண்டு துடைக்கிறார் என்பதை அவரிடமே நேரில் கேட்கிறேன்.

வேலை முடிந்த அன்று, எந்தப் பரப்பில் என்ன பூச்சு, எந்த மாதம் போட்டது, எதால் துடைக்கலாம், எதால் கூடாது என்று ஒரு தாளில் எழுதி அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டச் சொல்லியிருந்தேன். ஓராண்டு கழித்துப் போனபோது அது அங்கேயே இருந்தது. கடைசி வரிக்குக் கீழே அம்மாவின் கையெழுத்தில் இன்னும் ஒன்று சேர்ந்திருந்தது: ‘ஸ்ப்ரே நிறுத்தியாச்சு. வெறும் உலர்துணி.’